முட்டி நோட்டில் வயிறு இல்லை

செப்டம்பர் 3

அண்ணிக்கு,

போனில் பேசினால் நீங்கள் ஒரு பக்கம் கத்த, நான் ஒரு பக்கம் கத்த, கடைசியில் யார் முதலில் வைத்தது என்பதே சண்டையாகிவிடுகிறது. அதனால்தான் கடிதம். இதில் நான் முடிக்கும்வரை நீங்கள் குறுக்கே பேச முடியாது. எழுதப் போவதை உங்கள் தம்பியிடம் சொன்னேன். "எழுது, ஆனா கொஞ்சம் பார்த்து எழுது" என்றார். பார்த்துத்தான் எழுதுகிறேன்.

பள்ளி விடுமுறைக்கு என் பிள்ளை கொசுவை உங்களிடம் அனுப்பியபோது அவள் இருபத்தேழு கிலோ. ஐந்து வாரம் கழித்துத் திரும்பியபோது இருபத்தைந்து. போகும்போது நொண்டிக்கொண்டாவது நடந்தாள். வரும்போது வலது முட்டி பந்து மாதிரி வீங்கியிருந்தது, குதிகாலை ஊன்ற முடியாமல் பஸ் படியிலிருந்து உங்கள் தம்பி தூக்கித்தான் இறக்கினார். மூட்டுவாதம் என்று டாக்டர் சொல்லி ஒன்றரை வருடமாகிறது. "பத்து வயசுப் பொண்ணுக்கு வாதமா?" என்று கேட்காத ஆள் இந்தத் தெருவில் இல்லை. இரண்டு மருந்து மாற்றியாயிற்று. மெதுவாகத் தேறிக்கொண்டிருந்தவளை நம்பி உங்களிடம் விட்டேன்.

என்ன கொடுத்தீர்கள் அவளுக்கு? உங்கள் பஸ் டிப்போ கேன்டீனில் பொரித்ததையெல்லாம் வாங்கிக் கொடுத்தீர்களா? கேட்டால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். காதோரம் ஓயாமல் பேசுகிறாள் என்று நீங்கள்தானே கொசு என்று பேர் வைத்தீர்கள்? இப்போது ஒரு சத்தமும் இல்லை.

இன்னொன்று. நான் வைத்து அனுப்பிய நீல பேண்ட் பையில் இல்லை. நான் வாங்காத இரண்டு கறுப்பு அரைக்கால் சட்டை இருக்கிறது. துணி வாங்கிக் கொடுத்துப் பிள்ளை மனதைப் பிடிக்க வேண்டாம். அவள் மனது உங்கள் பக்கம்தான் என்று எனக்கே தெரியும்.

இந்த மாதம் 27ஆம் தேதி மூட்டு டாக்டர் ஊசி ஆரம்பிக்கப் போகிறார். பெரிய ஊசி. பயமாக இருக்கிறது. இதை உங்களிடம் சொல்லத்தான் இரண்டு தடவை போன் செய்தேன். இரண்டு தடவையும் வேறு எதையோ பேசிவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி

—

செப்டம்பர் 9

அன்புள்ள அம்மணிக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறையும் அதே அளவு காரமாகத்தான் இருந்தது.

இருபத்தோரு வருடமாக டிப்போவில் டைம் கீப்பர் வேலை பார்க்கிறேன். எந்த வண்டி எத்தனை மணிக்கு வெளியே போனது, எத்தனை மணிக்கு உள்ளே வந்தது என்று எழுதுவதுதான் என் பிழைப்பு. தாமதமாக வந்த ஓட்டுநர்கள் என்னைத் திட்டாத திட்டில்லை. அதனால் உன் திட்டு என்னை ஒன்றும் செய்துவிடவில்லை. ஆனால் "மனதைப் பிடிக்க" என்று எழுதினாயே, அது மட்டும் கொஞ்சம் தைத்தது. சரி, போகட்டும்.

கேன்டீன் பக்கம் அவளை நான் கூட்டிப்போகவே இல்லை. ரொட்டி, பால், பருப்பு, வேகவைத்த காய். அதுவும் பாதித் தட்டில் எழுந்துவிடுவாள். நானும் "இன்னும் ஒரு வாய், இன்னும் ஒரு வாய்" என்று பின்னாலேயே அலைந்தேன். எடை குறைந்தது என் சமையலால் என்று நீ நினைத்தால் நினைத்துக்கொள். என் சமையலைப் பற்றி ஊரே அப்படித்தான் நினைக்கிறது.

நீல பேண்ட் கிழிந்துவிட்டது.

27ஆம் தேதி டாக்டரிடம் போகும்போது அவள் வயிற்றைப் பற்றியும் சொல்லிவிடு. வயிறு வலிக்கிறது, சரியாகச் சாப்பிடுவதில்லை என்று சொல். மறந்துவிடாதே. முட்டியைப் பற்றிச் சொல்லும்போதே வயிற்றையும் சேர்த்துச் சொல்லிவிடு.

ஊசி என்றால் எனக்கும் பயம்தான். பெரியவள் என்பதற்காகச் சொல்லாமல் இருந்தேன்.

அவள் என்னைக் கேட்டாளா?

அண்ணி

—

செப்டம்பர் 14

அண்ணிக்கு,

ஒரு பக்கக் கடிதத்தில் வயிறு, வயிறு என்று எத்தனை தடவை! வயிற்றுக்குத் தனியாகப் பார்த்தாகிவிட்டது. தெருமுனை டாக்டரிடம் காட்டினேன். வலி மாத்திரை சாப்பிடுகிற பிள்ளைகளுக்கு வயிறு எரியத்தான் செய்யும் என்று ஒரு மருந்து எழுதிக் கொடுத்தார். அது வேறு, இது வேறு.

எனக்கு எதையும் ஒழுங்காகச் செய்துதான் பழக்கம். எங்கள் மின்விசிறித் தொழிற்சாலையில், செக்கிங் பிரிவில், ஒரு குறைக்கு ஒரு சீட்டு. இறக்கையில் கீறல் இருந்தால் பெயின்ட் பிரிவுக்கு ஒரு சீட்டு. மோட்டார் சத்தம் போட்டால் மோட்டார் பிரிவுக்கு இன்னொரு சீட்டு. இரண்டையும் ஒரே சீட்டில் எழுதினால் மேற்பார்வையாளர் கிழித்து முகத்தில் எறிவார். அப்போதுதான் எந்தப் பிரிவும் மற்றவர்மேல் பழி போடாமல் தன் வேலையைப் பார்க்கும். பதிமூன்று வருடமாக அப்படித்தான் எழுதுகிறேன்.

கொசுவுக்கும் அப்படித்தான் ஒரு முட்டி நோட்டு போட்டிருக்கிறேன். தினமும் காலையில் வீக்கம் எவ்வளவு, விறைப்பு எத்தனை நிமிடம், எந்தக் கால், படி ஏறினாளா என்று கோடு போட்டு எழுதுகிறேன். மூட்டு டாக்டர் அதைப் பார்த்து, "இப்படி யாரும் எழுதிக் கொண்டுவந்ததில்லம்மா" என்று மற்ற டாக்டர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்த நோட்டில் வயிற்றுக்கு இடம் இல்லை. மூட்டு டாக்டரிடம் போய் வயிற்றுவலி சொன்னால், என்ன இவள் வேலை தெரியாதவள் என்றுதான் நினைப்பார்.

பேண்ட் கிழிந்தது என்றீர்கள். கிழிந்த பேண்ட் எங்கே? தைத்து அனுப்பியிருக்கலாமே? செக்கிங் பிரிவில் இருப்பவளிடம் இந்தப் பதில் செல்லாது, அண்ணி.

பத்து வருடமாக அவளைக் குளிப்பாட்டி, மருந்து ஊட்டி, தூக்கிச் சுமந்து வளர்ப்பவள் நான். ஐந்து வாரம் வைத்திருந்தவர் டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தர வேண்டாம்.

கோபத்தில் நிறுத்தக் கூடாது என்று இதையும் எழுதுகிறேன். காலையில் அவள் படும் பாடு பார்க்க முடியவில்லை. கழிப்பறைக்குள் போனால் வெளியே வர நாற்பது நிமிடம். "என்னடி பண்றே உள்ள?" என்று கதவைத் தட்டினால், "முட்டி மடங்கலம்மா, மெதுவா வர்றேன்" என்கிறாள். எனக்கோ ஷிஃப்டுக்கு நேரமாகிவிடும். கத்திவிடுகிறேன். அப்புறம் பஸ்ஸில் உட்கார்ந்து என்னையே திட்டிக்கொள்கிறேன்.

உங்களைக் கேட்டாள். நீங்கள் வேலையாக இருப்பதாகச் சொன்னேன்.

உங்கள் தம்பி மனைவி

—

செப்டம்பர் 24

அம்மணிக்கு,

இது தபாலில் வரவில்லை. 27ஆம் தேதிக்குள் உன் கைக்கு வருமோ வராதோ என்று பயந்து, உங்கள் ஊர் வண்டி ஓட்டுநரிடம் என் பழைய நோட்டு ஒன்றையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தனுப்புகிறேன். அவர் மீது எரிந்து விழாதே. அவருக்கு ஒன்றும் தெரியாது.

உன் கடிதம் வந்து ஐந்து நாளாகிறது. இதற்குள் மூன்று தாள் கிழித்துப் போட்டுவிட்டேன். நாற்பது நிமிடம் என்று எழுதியிருந்தாய். அது முட்டி இல்லை. அவள் உன்னிடம் பொய் சொல்கிறாள். அந்தப் பொய்க்கு நானும் கூட்டு.

முதல் வண்டி கிளம்பும் நேரத்தை எழுத நான் ஐந்து மணிக்கே எழுந்துவிடுவேன் என்று உனக்குத் தெரியும். கொசு வந்த மூன்றாம் நாளே கவனித்தேன். ஐந்தரைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடுவாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. கதவுக்கு வெளியே கேட்டால், "ஒன்னுமில்ல அத்தை" என்பாள். நான் சும்மா இருப்பவளா? கைப்பழக்கம், பழைய டூட்டி நோட்டில் எழுத ஆரம்பித்தேன். "5.35 கொசு உள்ளே. 6.10 வெளியே. முகம் வெளுத்திருக்கிறது." இப்படி. எங்கள் நோட்டில் வண்டி பஞ்சர் ஆனதும், ஓட்டுநர் தலைவலி என்றதும், மழை பெய்ததும் எல்லாம் ஒரே பக்கத்தில், நேரப்படி வரும். எனக்குத் தெரிந்தது அந்த முறை மட்டும்தான். வயிறும் முட்டியும் சாப்பாடும் அதில் கலந்துதான் கிடக்கிறது.

நீச்சல் நல்லது என்று டாக்டர் சொன்னாரே, வாரம் இருமுறை குளத்துக்குக் கூட்டிப்போனேன். மூன்றாவது வாரம், திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளால் அடக்க முடியவில்லை. நீல பேண்ட். என் டூட்டி கோட்டைக் கழற்றி அவள் இடுப்பில் கட்டி, அடுத்த நிறுத்தத்திலேயே அவளோடு இறங்கிவிட்டேன். கழுவும்போதுதான் பார்த்தேன், சளியோடு ரத்தக் கீற்று. அதற்கு முன்னாலும் வந்திருக்கிறதா என்று கேட்டேன். "பள்ளிக்கூடத்துல ரெண்டு தடவ" என்றாள். பக்கத்துக் கடையில் அரைக்கால் சட்டை வாங்கினேன். கறுப்பு வேண்டும் என்று அவள்தான் கேட்டாள். கறுப்பில் தெரியாதாம்.

அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அத்தை, அம்மாகிட்ட சொல்லாதீங்க. முட்டிக்கே அம்மா பாத்ரூம்ல குழாயத் திறந்துவிட்டுட்டு அழறாங்க. வயிறும்னு சொன்னா என்ன பண்ணுவாங்க?" சொல்ல மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். நானும் செய்து கொடுத்தேன்.

ஐம்பத்திரண்டு வயது எனக்கு. ஒரு குழந்தை கேட்டால் சத்தியம் செய்து கொடுத்துவிட்டு, அடுத்த நாள் அவள் அம்மாவிடம் சொல்லும் புத்தி எனக்கு இருந்திருக்க வேண்டும். அவள் என்னை நம்பினாள் என்ற பெருமையில் இருந்துவிட்டேன். இதைவிட நேராகச் சொல்லத் தெரியவில்லை. நீ என்னைத் திட்டியபோதெல்லாம் உள்ளுக்குள் சரிதான் என்றே தோன்றியது. நீ திட்டிய காரணம் மட்டும்தான் தவறு.

நோட்டை டாக்டரிடம் கொடு. ஊசி போடுவதற்கு முன்னால் கொடு. கையெழுத்து புரியவில்லை என்றால் என்னைக் கூப்பிடச் சொல்.

அண்ணி

—

செப்டம்பர் 28

அண்ணிக்கு,

நேற்று போய் வந்தோம். ஊசி போடவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் நோட்டை டாக்டர் பிரித்ததும், "இது என்ன பஸ்ஸா, பிள்ளையா?" என்று சிரித்தார். நான்கு பக்கம் தாண்டியதும் சிரிப்பு நின்றுவிட்டது. என் நோட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்து, மறுபடியும் முதலிலிருந்து படித்தார். பிறகு என்னைப் பத்து நிமிடம் வெளியே இருக்கச் சொன்னார். என் பிள்ளையிடம் பேச நான் வெளியே நிற்க வேண்டும்! நின்றேன். எதிரே ஒரு பையன் கட்டுப்போட்ட கையால் சுவரில் கோடு கிழித்துக்கொண்டிருந்தான். அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். சில பிள்ளைகளுக்கு மூட்டில் வரும் வீக்கமும் குடலுக்குள் இருக்கும் அழற்சியும் ஒன்றோடு ஒன்று சேர்ந்தே வருமாம். அழற்சி என்றால் உள்ளே சிவந்து, வீங்கி, புண்ணாகி இருப்பது. நோய்க்கிருமியை அடிக்க வேண்டிய உடம்பின் காவல் தன் உடம்பையே அடிக்கிறது. அது குடலையும் அடிக்கும், முட்டியையும் அடிக்கும். கொசு மாதிரி குதிகால் வலிக்கிற பிள்ளைகளுக்கு இது இன்னும் கூடுதலாகவே இருக்குமாம்.

"நான் எழுத இருந்த ஊசி மூட்டுக்கு நல்லா வேலை செய்யும், குடலுக்கு உதவாது. உள்ள குடல் புண்ணாயிருந்தா அது பாட்டுக்கு நடந்துகிட்டிருக்கும். வேற ஊசி இருக்கு, ரெண்டையும் சேர்த்துப் பிடிக்கிறது. ஆனா முதல்ல பார்த்தாகணும்" என்றார்.

உங்கள் நோட்டில் வயிறு மோசமாகி மூன்று நான்கு நாளில் முட்டி வீங்கியிருக்கிறது. அதை நான் கையால் காட்டினேன். "அது தற்செயலாவும் இருக்கலாம்மா, எல்லாருக்கும் அப்படி வரிசையா வராது. அத வச்சு நான் முடிவு பண்ணல. ஆனா ரத்தம், எடை, விடியக்காலையில ஓடுறது, இதெல்லாம் எனக்கு ஒன்றரை வருஷம் முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். நீங்க சொல்லல, நானும் கேட்கல" என்றார். அவர் அப்படிச் சொன்னபோதுதான் எனக்கு அழுகை வந்தது. குழாய் திறக்க அங்கே இடம் இல்லை.

மலப் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும். வலி மாத்திரையும் குடலைச் சீண்டும் என்பதால் மூன்று வாரம் அதை நிறுத்திவிட்டுச் சோதிப்பார்கள். இந்த மூன்று வாரம் முட்டி வலியை அவள் எப்படித் தாங்கப் போகிறாளோ தெரியவில்லை.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத உட்கார்ந்தேன். கை வரவில்லை. ஐந்து வாரம் நீங்கள் அறிந்ததை நான் அறியாமல் ஊசி போட இருந்தேன். ஆனால் அவள் சத்தியம் வாங்கியது உங்களால் இல்லை, என் அழுகைக்குப் பயந்துதான் என்பதும் தெரிகிறது.

டாக்டர் கையில் நோட்டைப் பார்த்ததும் அவள் முகம் வாடிவிட்டது. படுக்கப் போகும்போது, "அத்தை சத்தியத்த மீறிட்டாங்க. இனிமே அவங்ககிட்ட பேச மாட்டேன்" என்றாள்.

உங்கள் தம்பி மனைவி

—

அக்டோபர் 6

அம்மணிக்கு,

பேச மாட்டேன் என்றாளா. சொல்லட்டும். முட்டி மடங்கி, வயிறு ஆறி, ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேச மாட்டேன் என்று சொல்லட்டும். அதுவரை நான் பொறுத்துக்கொள்கிறேன்.

பொறுத்துக்கொள்கிறேன் என்று எழுதிவிட்டேன். உண்மையில் வேலையே ஓடவில்லை. நேற்று பதினான்காம் நம்பர் வண்டி உள்ளே வந்ததை எழுதாமல் விட்டுவிட்டேன். இருபத்தோரு வருடத்தில் முதல் தடவை. மேலாளர், "அக்கா, வண்டி கண்ணு முன்னாடி நிக்குது, நோட்டுல காணோமே" என்றார்.

மன்னிப்பு பற்றி எழுதியிருந்தாய். அவசரமில்லை. நான் எங்கும் ஓடிவிட மாட்டேன். ஓடுகிற வண்டிகளை எழுதுகிறவள்தான்.

மாத்திரை இல்லாமல் எப்படி இருக்கிறாள்? குளிர்ந்த நீரில் நனைத்த துணி முட்டிக்கு இதமாக இருந்தது இங்கே. அவளாகவே கேட்பாள். அந்தச் சின்ன மஞ்சள் துண்டுதான் வேண்டும் என்பாள். அதை மடித்து இதோடு வைத்திருக்கிறேன். என்னிடமிருந்து வந்தது என்று சொல்லாதே, வாங்க மாட்டாள்.

அண்ணி

—

நவம்பர் 2

அண்ணிக்கு,

உட்கார்ந்து படியுங்கள். நல்ல செய்திதான், ஆனாலும் உட்காருங்கள்.

மலப் பரிசோதனையில் அழற்சியைக் காட்டும் எண் இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு இருந்தது. மாத்திரை நிறுத்தி மூன்று வாரமாகியும் இறங்கவில்லை. அந்த மூன்று வாரத்தை எழுத மாட்டேன். அவள் கத்தியதில் இரண்டு நாள் உங்கள் தம்பி வேலைக்கே போகவில்லை. கடையில் கண்ணாடி வெட்டும்போது கவனம் சிதறினால் விரல் போய்விடும் என்றார். மஞ்சள் துண்டு பாதி நேரம் அவள் முட்டியிலும் மீதி நேரம் கொடியிலும் இருந்தது. யார் அனுப்பியது என்று அவள் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியாமலா இருக்கும்?

போன வாரம் மயக்க மருந்து கொடுத்து, குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள். சிறுகுடல் முடிகிற இடத்தில் புண் புண்ணாக இருக்கிறது. குடல் டாக்டர் படத்தைக் காட்டினார். பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அண்ணி, ஒன்றரை வருடமாக இவள் ஏன் முழுசாகத் தேறவில்லை, ஏன் சாப்பிடவில்லை, ஏன் வளரவில்லை, நான் எதில் குறை வைத்தேன் என்று மண்டையை உடைத்துக்கொண்டேனே, அத்தனைக்கும் பதில் ஒரு சின்ன சிவப்புப் படத்தில் இருந்தது. "முத்திப் போறதுக்குள்ள பிடிச்சுட்டோம், ஆத்திடலாம்" என்று அவர் சொன்னதும் நான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பயத்தில் இல்லை. சுமையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

மூட்டு டாக்டரும் குடல் டாக்டரும் ஒரே அறையில், ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசினார்கள். இரண்டையும் பிடிக்கிற ஊசிதான் முடிவானது. முதல் ஊசி போட்டாயிற்று. அவள் அழவில்லை. நான் அழுதேன், அவளுக்கு எதிரிலேயே. இனிமேல் குழாய் திறக்கிற வேலை கிடையாது என்று முடிவு செய்திருக்கிறேன்.

உங்கள் தம்பியிடம் ஒரு நாள் கேட்டேன். "நான் வயிற்றுவலியையும் தாங்க மாட்டேன்னு ஒரு குழந்தை நினைக்கிற அளவுக்கா நான் இருந்தேன்?" வழக்கமாக நாம் இரண்டு பேர் சொல்வதற்கும் தலையாட்டுகிறவர், இந்தத் தடவை ஆட்டவில்லை. "அவ முட்டியப் பார்க்கும்போது உன் முகம் எப்படி மாறுதுன்னு நீ பார்த்ததில்ல. அவ பார்த்திருக்கா" என்றார். அப்போது சண்டை போட்டேன். இப்போது யோசித்தால் சரியென்றுதான் படுகிறது. தினமும் காலையில் நோட்டைத் தூக்கிக்கொண்டு அவள் எதிரில் போய் உட்காருவேன். என் முகத்தைப் பார்த்து, எனக்கு எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் சொல்லியிருக்கிறாள்.

அந்த முட்டி நோட்டை நிறுத்திவிட்டேன். எழுத வேண்டியதை அவளே எழுதுகிறாள். நான் கேட்டால் காட்டுவாள், கேட்காவிட்டால் காட்ட மாட்டாள். கேட்காமல் இருப்பதற்கு எனக்கு ஆகிற பாடு எனக்குத்தான் தெரியும்.

போன கடிதத்தில் கை வரவில்லை என்று எழுதினேன். இப்போது வருகிறது. நோட்டு மட்டும் வராமல் போயிருந்தால் தவறான ஊசி போட்டுவிட்டு, இன்னும் ஒரு வருடம் உங்களைத் திட்டிக்கொண்டிருப்பேன். அதை ஒரு செக்கிங் பிரிவுக்காரி எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன். பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அடிக்கடி கிடைக்காது.

அவள் இன்னும் உங்களோடு பேசுவதாக இல்லை. நான் வற்புறுத்தவில்லை.

உங்கள் தம்பி மனைவி

—

நவம்பர் 10

அம்மணிக்கு,

உட்கார்ந்து படிக்கச் சொன்னாய். நின்றுகொண்டே படித்தேன், வண்டி வரிசையாக வந்துகொண்டிருந்தது. "ஆத்திடலாம்" என்ற இடத்தில் வாசல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன். ஓட்டுநர்கள் ஹாரன் அடித்துத் தள்ளிவிட்டார்கள். அடிக்கட்டும்.

அவளை வற்புறுத்தாதே. சத்தியம் மீறியது நான்தானே. மறுபடியும் மீற வேண்டி வந்தால் மீறுவேன் என்று வேண்டுமானால் அவளிடம் சொல். பொய்ச் சமாதானம் சொல்லாதே.

அண்ணி

—

பிப்ரவரி 16

அண்ணிக்கு,

மூன்று மாதமாக ஒழுங்காக எழுதவில்லை. மருத்துவமனை, பள்ளி, ஷிஃப்ட் என்று போய்விட்டது. கணக்காகச் சொல்லிவிடுகிறேன். இருபத்தொன்பதரை கிலோ. பரிசோதனை எண் நன்றாக இறங்கியிருக்கிறது. முட்டி வீக்கம் வடிந்து, பள்ளிக்கூட மாடிப்படி ஏறுகிறாள். முழுதாகச் சரியாகிவிட்டது என்று நான் சொல்லப் போவதில்லை. சில காலையில் இன்னும் விறைப்பு இருக்கிறது, ஊசி பல வருடம் தொடர வேண்டியிருக்கும் என்கிறார்கள். ஆனால் தட்டைக் காலி செய்துவிட்டு, "இன்னும் இருக்கா?" என்று கேட்கிறாள். அந்தக் கேள்வியைக் கேட்டு எத்தனை நாளாயிற்று தெரியுமா!

இது எழுதக் காரணம் இன்று நடந்தது. ஞாயிற்றுக்கிழமை. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கொசு வந்து எதிரில் நின்றாள். பழைய மாதிரி என் முகத்தை ஒரு முறை பார்த்தாள். நானும் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மடித்த சட்டையையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, வயிறு வலிக்குது" என்றாள்.

அண்ணி, அவள் பிறந்ததிலிருந்து எத்தனையோ கேட்டிருக்கிறேன். முதல் வார்த்தை கேட்டிருக்கிறேன், பள்ளியில் பரிசு வாங்கினேன் என்று கேட்டிருக்கிறேன். எதுவும் இது மாதிரி இல்லை. என் பிள்ளைக்கு வயிறு வலிக்கிறது, அதை என்னிடம் வந்து சொல்கிறாள். "எங்கடி? எப்ப இருந்து?" என்று மெதுவாகக் கேட்டேன். காலையில் இருந்து என்றாள். மேலே, தொப்புளுக்கு மேலே. ரத்தம் இல்லை, பார்த்துவிட்டாளாம். அப்புறம் கொஞ்சம் தயங்கி, பக்கத்து வீட்டுப் பிறந்தநாளில் கேக் நாலு துண்டு சாப்பிட்டதையும் சொன்னாள்.

நாலு துண்டு! சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். டாக்டர் கொடுத்த எண்ணுக்குப் போன் செய்து கேட்டேன். சாயங்காலம் வரை பாருங்கள், பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். சாயங்காலத்துக்குள் சரியாகிவிட்டது.

அப்போதே உங்களுக்கு எழுதுகிறேன் என்று தாளை எடுத்தேன். பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "யாருக்கு? அத்தைக்கா?" என்றாள். ஆமாம் என்றேன். என் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கினாள்.

"நீ எழுதாத. நான் போன் பண்ணி நானே சொல்லிக்கிறேன். ஆனா நீ பக்கத்துல இருக்கக் கூடாது."

பேனா அவளிடம் இருக்கிறது. இதைப் பென்சிலில் எழுதி முடிக்கிறேன். அறைக் கதவு சாத்தியிருக்கிறது. என்ன பேசினாள் என்று நான் உங்களிடம் கேட்க மாட்டேன், நீங்களும் சொல்ல வேண்டாம்.

உள்ளே அவள் சத்தமாகச் சிரிப்பது மட்டும் கேட்கிறது.

உங்கள் தம்பி மனைவி